முதல் பக்கத்தில் முதல் இடம்

ஜூன் 5, திங்கள்

இணையதளம் ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறது. இந்த எட்டு மாதத்தில் அதைப் பார்த்துவிட்டு நேரில் வந்தவர் ஒரே ஒருவர். அவரும் மாடி வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

பதினாறு வருடமாகத் திருச்சி புத்தூரில் செயற்கைக் கால் செய்து பொருத்துகிறேன். ஒரு பெரிய மருத்துவமனை அனுப்பும் ஆட்களே போதுமாக இருந்தார்கள். பிப்ரவரியில் அவர்கள் உள்ளேயே தனிப் பிரிவு திறந்துவிட்டார்கள். போன மாதம் என்னிடம் வந்தது இரண்டு பேர். இனி ஆட்கள் தாங்களாகத் தேடி வந்தால்தான் உண்டு.

சாயங்காலம் மனைவி ஜெசிந்தா பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் போனை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"திருச்சி செயற்கைக் கால்னு அடிச்சா என்ன வருதுன்னு என்னிக்காவது பாத்தீங்களா?"

முதலில் வந்தது தஞ்சாவூர் ஹசீனாவின் மையம். ஹசீனா என்னோடு சென்னையில் ஒரே வகுப்பில் இதே படிப்பைப் படித்தவள். தேடியது திருச்சி, வந்தது தஞ்சாவூர். நாங்கள் நான்காவது பக்கத்தில், நாற்காலிக்குக் கால் மாட்டித் தரும் கடைக்குக் கீழே இருந்தோம். அங்கேயும் மையத்தின் பெயர் இல்லை. ‘ஹோம்’ என்று மட்டும் இருந்தது.

"பதினோரு பக்கத்துக்கும் ஹோம்னுதாங்க தலைப்பு வச்சிருக்கீங்க. யாருக்கு என்ன புரியும்?" என்றாள்.

எனக்கும் அது இன்றைக்குத்தான் தெரிந்தது.

ஜூன் 7, புதன்

வேலை இல்லாததால் நாள் முழுவதும் தளத்தோடு உட்கார்ந்தேன். தெரிந்துகொண்டவை: ஒவ்வொரு பக்கத்துக்கும் அதில் என்ன இருக்கிறதோ அதுவே தலைப்பாக இருக்க வேண்டும். தலைப்புக்குக் கீழே தேடலில் தெரியும் இரண்டு வரி விளக்கத்தையும் நாமே எழுதலாம். நான் ஒன்றையும் எழுதியிருக்கவில்லை. பெரிய பிழை வேறு. முகவரி, நேரம், செய்யும் வேலை எல்லாவற்றையும் போஸ்டராக அடித்துப் படமாக ஏற்றியிருந்தேன். மனிதர் படிக்கலாம். தேடும் இயந்திரத்துக்கு அது ஒரு படம், அவ்வளவுதான். அந்தப் படங்களும் அத்தனை கனம், பக்கம் திறப்பதற்குள் போனைக் கீழே வைத்துவிடுவார்கள்.

எல்லாவற்றையும் எழுத்தாகத் தட்டச்சு செய்தேன். படங்களைச் சுருக்கி, ஒவ்வொன்றுக்கும் இன்னது என்று ஒரு வரி எழுதினேன். முழங்காலுக்குக் கீழே பொருத்தும் கால். பயிற்சிக் கம்பிகளைப் பிடித்து நடக்கும் பெண். எழுதும்போது நல்ல வேலை செய்வதுபோல இருந்தது.

ஜூன் 12, திங்கள்

மூன்றாவது பக்கத்துக்கு வந்திருக்கிறோம். பொறுமையாக இருந்தால் சில மாதத்தில் முன்னேறும் என்று எல்லா வீடியோவிலும் சொல்கிறார்கள். சொல்பவர்களுக்கு மாதங்கள் இருக்கின்றன.

ஜூன் 14, புதன்

ஹசீனாவின் தளத்தை முழுதாகப் பார்த்தேன். படம் குறைவு, எழுத்துதான் அதிகம். வருகிறவர்கள் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பக்கம். கால் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறுவது எப்படி, வியர்த்தால் என்ன செய்வது, இப்படி. வகுப்பில் கடைசி பெஞ்சில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தவள் இவ்வளவு எழுதுவாள் என்று யார் நினைத்தார்கள்! நேற்றுத்தான் ‘செயற்கைக் கால் பொருத்திய முதல் முப்பது நாள்’ என்று புதிதாக ஒரு பக்கம் போட்டிருக்கிறாள். மாதிரிக்காக அதை எடுத்து வைத்துக்கொண்டேன்.

ஜூன் 15, வியாழன்

நம் தளத்திலும் முதல் முப்பது நாள் பற்றி ஒரு பக்கம் போட்டாயிற்று. நல்ல பக்கம்.

ஜூன் 19, திங்கள்

ஊருக்கு ஒரு பக்கம் போட்டால் அந்தந்த ஊர்க்காரர்கள் தேடும்போது நாம் முன்னால் வருவோமாம். பன்னிரண்டு ஊருக்குப் போட்டேன். ஒரு பக்கம் எழுதி ஊர்ப் பெயரை மட்டும் மாற்றினேன். பெரம்பலூரில் எங்கள் கிளை, அரியலூரில் எங்கள் கிளை, துறையூரில் எங்கள் கிளை. முகவரி கேட்ட இடத்தில் ‘புதிய பேருந்து நிலையம் அருகில்’ என்று எல்லாவற்றுக்கும் பொதுவாகப் போட்டேன். கூப்பிட்டால் நானே வண்டி எடுத்துப் போய் அளவெடுத்து வரப்போகிறேன். அதுவும் ஒரு வகையில் கிளைதான்.

ஜூன் 24, சனி

கால் வைத்துக்கொண்டவர்கள் தளத்தில் எழுதும் கருத்துரைகள் வேண்டும். ஜெசிந்தாவின் தம்பி, என் மச்சானிடம் சொன்னேன். துபாயிலிருந்து அவன் எழுதியிருக்கிறான்: ‘இங்கே கால் வைத்த பிறகு தினமும் நான்கு கிலோமீட்டர் நடக்கிறேன்.’ ஐந்து நட்சத்திரம். அவன் நண்பர்கள் ஒன்பது பேரும் எழுதினார்கள். ஜெசிந்தாவிடம் சொல்லவில்லை.

வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாகச் ‘செயற்கைக் கால் செயற்கைக் கால் செயற்கைக் கால்’ என்று இருநூறு முறை அடித்து முதல் பக்கத்தின் அடியில் வைத்தேன். பார்க்கிறவருக்குத் தெரியாது, தேடும் இயந்திரத்துக்குத் தெரியும்.

ஜூலை 10, திங்கள்

முதல் பக்கம், முதல் இடம். ஹசீனா நமக்குக் கீழே.

அவளுடைய முதல் முப்பது நாள் பக்கத்தைத் தேடினாலும் நம்முடையதுதான் முதலில் வருகிறது. ஐந்தாறு முறை தேடிப் பார்த்தேன். காலையிலிருந்து நான்கு அழைப்புகள். ஜெசிந்தா பருப்பு ரசம் வைத்திருந்தாள். "எப்படிங்க இவ்ளோ சீக்கிரம்?" என்றாள். "தலைப்பை மாத்தினோம்ல, அதுதான்" என்றேன்.

ஜூலை 21, வெள்ளி

பதினொரு மணிக்கு ஒரு பெண் கூப்பிட்டாள்.

"சார், உங்க பெரம்பலூர் ப்ராஞ்ச் எங்க இருக்கு? பஸ் ஸ்டாண்டச் சுத்தி எல்லாக் கடையிலயும் கேட்டுட்டோம். யாருக்கும் தெரியல. அப்பாவ வெயில்ல நிக்க வச்சிருக்கேன்."

"இன்னிக்கு லீவும்மா" என்றேன்.

"போர்டு எங்க இருக்குன்னாவது சொல்லுங்க, நாளைக்கு வந்துக்குறோம்."

"நாளைக்கு நீங்க திருச்சிக்கே வந்துடுங்க. இங்கதான் எல்லா வசதியும் இருக்கு."

லீவு என்று சொன்னது எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. யோசிக்கக்கூட இல்லை.

ஜூலை 22, சனி

அப்பாவும் மகளும் ஒன்பதரைக்கே வந்துவிட்டார்கள். அவர் பெயர் மருதை, ஐம்பத்தாறு வயது, செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயம் போடுகிறவர். சர்க்கரையால் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்து ஒரு வருடம் ஆகிறது. போன மாதம் ஏதோ ஒரு முகாமில் கால் கொடுத்திருக்கிறார்கள். மகள் சத்தியகலா பெரம்பலூரில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். நேற்று லீவு போட்டு அவரைக் கூட்டிக்கொண்டு அலைந்திருக்கிறாள். இன்றும் லீவு.

"வணக்கம் டாக்டரே" என்றார் மருதை. நான் டாக்டர் இல்லை. திருத்தவும் இல்லை.

காலைக் கழற்றச் சொன்னேன். உறையை உருவியதும் வாடை வந்தது. மீதிக்காலின் முன் எலும்புக்கு மேலே நாலணாக் காசு அகலத்துக்குப் புண், ஓரமெல்லாம் கறுத்திருந்தது. சர்க்கரை உள்ளவருக்கு அந்த இடத்தில் உணர்ச்சி குறைவு. வலியே தெரிந்திருக்காது.

"எத்தன நாளாம்மா இது? செவந்தப்பவே கால் போடுறத நிறுத்தியிருக்கணுமே" என்றேன். குரலை உயர்த்தித்தான் கேட்டேன்.

"பாத்துட்டுத்தான சார் இருந்தேன். தெனம் சாயங்காலம் கழட்டுன ஒடனே செல்லுல மணி பாப்பேன். ஒன்னேகால் மணி நேரம், ஒன்ற மணி நேரம் செவப்பா இருக்கும், அப்பறம் போயிரும். உங்க பக்கத்துல ரெண்டு மணி நேரம் வரைக்கும் இருந்தாப் பரவால்லன்னு போட்டிருந்துச்சே."

போனை நீட்டினாள். எங்கள் மையத்தின் பெயர் மேலே. முதல் முப்பது நாள். கீழே ஏழாவது வரி: ‘காலைக் கழற்றிய பின் தோலில் சிவப்பு இரண்டு மணி நேரம் வரை இருப்பது இயல்பு.’

இருபது நிமிடம். அதற்கு மேல் சிவப்பு மறையவில்லை என்றால் மறுபடி காலைப் போடக் கூடாது. இந்தத் துறையில் முதல் வருடம் படிப்பவர்களுக்கே தெரியும்.

"ஒடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. இப்பவே" என்று கடிதம் எழுதிக் கொடுத்து ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். அந்த வரியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மதியம் கதவைச் சாத்திக்கொண்டு ஹசீனாவின் பக்கத்தைத் திறந்தேன். அதில் இருபது நிமிடம் என்றே இருக்கிறது. நான் எடுத்த பிறகு திருத்தியிருக்கிறாள். முதலில் எனக்கு அவள் மீதுதான் கோபம் வந்தது. இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுகூடப் பார்த்தேன்.

நம் பக்கத்தில் இரண்டு மணி நேரத்தை இருபது நிமிடம் ஆக்கினேன். மாற்றியது யாருக்கும் தெரியாது.

ஜூலை 23, ஞாயிறு

பூசைக்குப் போனோம். பாவத்தை வைத்துக்கொண்டு சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்க நான் எழுந்து போகவில்லை. ஜெசிந்தா ஏன் என்று பார்த்தாள், கேட்கவில்லை.

ஜூலை 26, புதன்

ஹசீனா கூப்பிட்டாள். ஏழெட்டு வருடத்துக்குப் பிறகு அவள் குரல்.

"பென்னி, ஹசீனா பேசுறேன். நல்லாருக்கியா?"

நல்லா இருக்கேன் என்றேன்.

"ஒன்னு சொல்லணும். முப்பது நாள் பக்கத்துல நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். இருபது நிமிஷம்னு போட வேண்டிய எடத்துல ரெண்டு மணி நேரம்னு அடிச்சிட்டேன். வேற ஏதோ வரிய எழுதிக்கிட்டே இத அடிச்சிருக்கேன். மூணாம் நாள் ஒரு பேஷன்ட் கேட்டப்பத்தான் பாத்தேன். மாத்திட்டு, முன்னாடி தப்பா இருந்துச்சுன்னு அடியிலயே எழுதியும் போட்டுட்டேன். அந்த ரெண்டு நாள்ல யாராவது படிச்சிருப்பாங்களான்னு எனக்கு உறுத்திக்கிட்டே இருந்துச்சு. அதே வரிய அப்படியே போட்டுத் தேடுனேன். உன் பக்கம் வந்துச்சு. தேடல்ல இன்னும் ரெண்டு மணி நேரம்னுதான் காட்டுது."

"மாத்திட்டேன். தேடல்ல இன்னும் பழசத்தான் காட்டுது போல" என்றேன்.

"எப்ப?"

"சனிக்கிழம."

"நீ எடுத்ததப் பத்தி நான் கேக்கல. போகட்டும். ஆனா ஒரு தடவ படிச்சிருந்தா உனக்குத் தெரிஞ்சிருக்குமே. என்னைய விட நீதான நல்லாப் படிப்ப."

மேசையில் கிடந்த அளவு நாடாவைச் சுருட்டினேன்.

"அதப் பாத்துட்டு யாருக்காவது ஏதாவது ஆச்சா பென்னி?"

"இல்ல. யாரும் வரல."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். அழுதுவிடுவாள்போல இருந்தது. "உன் பக்கத்தப் பாத்ததுலேர்ந்து எனக்குச் சோறே எறங்கல."

இங்கே இதுவரை எழுதாமல் விட்டதையும் எழுதிவிடுகிறேன். ஜூன் 15 அன்று நான் ஒரு பக்கம் எழுதவில்லை. அவள் எழுதியதை முழுதாக எடுத்து ஒட்டினேன். அவள் மையத்தின் பெயர் வந்த மூன்று இடத்தில் நம் பெயரைப் போட்டேன். அதற்காக மட்டும்தான் கண்ணை ஓட்டினேன். படிக்கவில்லை.

ஜூலை 29, சனி

ஆஸ்பத்திரியில் மருதையைப் போய்ப் பார்த்தேன். புண்ணைச் சுத்தம் செய்திருக்கிறார்கள். எலும்புக்குள் சீழ் இறங்கியிருந்தால் முழங்காலுக்கு மேலே எடுக்க வேண்டியிருக்கும் என்று சொல்லியிருக்கிறார்களாம். முழங்கால் இருந்தால் அவர் வரப்பில் நடப்பார், பேருந்தில் ஏறுவார். அது போனால் நடை வேறு, வாழ்க்கையும் வேறு. இதை நான் எத்தனை பேருக்கு விளக்கியிருக்கிறேன்.

சத்தியகலா வராந்தா வரைக்கும் வந்து வழியனுப்பினாள். "அன்னிக்கு நீங்க பாத்தவுடனே அனுப்பாட்டி என்ன ஆயிருக்குமோ சார். ரொம்ப நன்றிங்க சார்."

கையெடுத்துக் கும்பிட்டாள். நான் தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஜூலை 30, ஞாயிறு

ஜெசிந்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள். பன்னிரண்டு ஊர்ப் பக்கங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். பிறகு கருத்துரைகள். தன் தம்பி எழுதியதில் வந்து நின்றாள்.

"என் தம்பிக்கு ரெண்டு காலும் இருக்குங்க."

"தெரியும்."

"தெரிஞ்சுதான் எழுதச் சொன்னீங்களா?"

அவள் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"என் கிளாஸ்ல பாத்து எழுதுற புள்ளையக்கூட, நீ எழுதுனத ஒரு தடவ படிச்சுக் காட்டுன்னு கேப்பேன். பாதிப் பேருக்கு அங்கயே முழி மாறிடும்."

மாலை முழுவதும் நீக்கிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு ஊர்களும் போயின. வெள்ளை எழுத்துகளைக் கண்டுபிடிக்கப் பக்கம் முழுவதையும் தேர்வு செய்தால் நீலமாகத் தெரிந்தன, வரிவரியாக. மச்சானிடம் அவன் எழுதியதையும் நண்பர்கள் எழுதியதையும் எடுக்கச் சொன்னேன். ஏன் என்று கேட்டான். அவனுக்குச் சொல்லவும் வெட்கமாக இருந்தது. சொன்னேன். முப்பது நாள் பக்கத்தையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில், இங்கே இருந்த தகவல் தவறு, சிவப்பு இருபது நிமிடத்துக்கு மேல் இருந்தால் காலைப் போடாமல் உடனே காட்டுங்கள் என்று எழுதி வைத்தேன்.

"அவங்ககிட்டப் போய்ச் சொல்லணும்" என்றாள் ஜெசிந்தா.

"ஆப்பரேஷன் என்னன்னு தெரிஞ்சப்பறம்..."

"எது ஆனாலும் சொல்லணும்ல? அப்பறம் என்ன?"

ஆகஸ்ட் 2, புதன்

போனேன்.

மருதை கட்டிலில் உட்கார்ந்து ரொட்டியைப் பாலில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார். சத்தியகலா கீழே பாய் விரித்து உட்கார்ந்திருந்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டார்கள். உட்காராமலே சொன்னேன். பெரம்பலூரில் கிளை என்று எதுவும் கிடையாது, எப்போதும் இருந்ததில்லை. அன்று லீவும் இல்லை. அந்தப் பக்கத்தை எழுதியது நான் இல்லை, தஞ்சாவூரில் ஒருவர் எழுதியதைத் திருடிப் போட்டேன். அவர் தன் தவறைத் திருத்திவிட்டார். என்னிடம் திருத்தாமல் கிடந்தது. நான் டாக்டரும் இல்லை.

மருதை ரொட்டியை வைத்துவிட்டார்.

"எழுதலன்னா... போடுறதுக்கு முன்னாடி படிச்சுப் பாத்தீங்கள்ல?"

"இல்லீங்க. படிக்கல."

"எம் பொண்ணு மூணு தடவ படிச்சா" என்றார். "எனக்குக் கேக்கணும்னு சத்தமா படிச்சா. புரியாத வார்த்தைக்கு இன்னொருக்கா படிச்சா."

சத்தியகலா என்னைப் பார்க்கவில்லை. "நாந்தான் கணக்கப் பாத்துத் தப்பு பண்ணிட்டேன்னு பத்து நாளா நெனச்சுக்கிட்டிருக்கேன்" என்றாள் சுவரைப் பார்த்து. "டாக்டரு ஏன் முன்னாடியே கூட்டிட்டு வரலன்னு கேட்டப்ப, அப்பா எல்லாரு முன்னாடியும் எம் பேர்லதான் பழி வச்சாரு."

மருதை தலையைக் குனிந்துகொண்டார்.

மன்னிப்புக் கேட்டேன். பக்கத்துக் கட்டில்காரர் ரேடியோவைக் குறைத்துவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க போங்க சார்" என்றாள் சத்தியகலா.

ஆகஸ்ட் 3, வியாழன்

ஹசீனாவைக் கூப்பிட்டு, அன்று பொய் சொன்னேன் என்றேன். மருதையைப் பற்றிச் சொன்னேன். அவள் "எந்த வார்டு?" என்று மட்டும் கேட்டாள். இன்று மதியமே பேருந்து ஏறித் திருச்சிக்கு வந்து அவரைப் பார்த்துவிட்டுப் போனதாகச் சாயங்காலம் செய்தி அனுப்பினாள். என் மையம் இருக்கும் தெரு வழியாகத்தான் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இறங்கவில்லை.

ஆகஸ்ட் 19, சனி

முழங்கால் தப்பியது. எலும்புக்குப் பரவவில்லை. தோல் மூட இன்னும் இரண்டு மாதம். ஹசீனாதான் செய்தி அனுப்பினாள். கடைசி வரி: ‘கால் என்னிடம் செய்துகொள்வதாகச் சொல்லிவிட்டார்கள்.’

தேடலை நடத்துபவர்களிடமிருந்து தளத்துக்கு எச்சரிக்கை வந்திருக்கிறது. மறைத்த எழுத்து, பொய்யான கிளைகள் என்று பட்டியல் போட்டிருக்கிறார்கள். எல்லாம் நீக்கியாயிற்று என்று பதில் எழுதினேன். இப்போது எந்தப் பக்கத்தில் இருக்கிறோம் என்று ஏழாம் பக்கம் வரை பார்த்தேன். காணோம்.

இந்த மாதம் ஒருவர் வந்தார். பழைய ஆள், கணுக்கால் திருகு தளர்ந்திருந்தது.

செப்டம்பர் 4, திங்கள்

இரண்டு வாரமாக ஒரே பக்கத்தை எழுதுகிறேன். சிவப்பைப் பற்றி மட்டும். யாரிடமும் எடுக்கவில்லை. பதினாறு வருடத்தில் பார்த்த தோல்களை ஒவ்வொன்றாக நினைத்து எழுதினேன். எந்தச் சிவப்பு தானே போகும், எது போகாது, சர்க்கரை இருந்தால் ஏன் வலியை நம்பக் கூடாது. ஜெசிந்தாவிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன். நான்கு இடத்தில் புரியவில்லை என்றாள்.

தலைப்புதான் வரவில்லை. ‘மீதிக்கால் தோல் பராமரிப்பு’ என்று வைத்திருந்தேன். அப்படி யார் தேடுவார்கள்? அன்றைக்கு அந்தப் பெண் என்ன அடித்தாள் என்று எனக்குத் தெரியாது. அவளைக் கேட்க எனக்கு உரிமையும் இல்லை. காலையிலிருந்து போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்துவிட்டு, பதினொன்றரைக்குக் கூப்பிட்டேன்.

பெயரைச் சொன்னதும் "ம்" என்றாள். பின்னால் கடைச் சத்தம்.

"அப்பா எப்படிம்மா இருக்கார்?"

"இருக்காரு. என்ன வேணும் சார்?"

"நீங்க அன்னிக்கு மொதமொதல்ல என்ன வார்த்த போட்டுத் தேடுனீங்க? ஒரு பக்கம் எழுதியிருக்கேன். உங்கள மாதிரி பயந்துபோய்த் தேடுறவங்க கண்ணுல படணும்."

வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். யாருக்கோ பில்லைக் கிழித்துக் கொடுக்கும் சத்தம் கேட்டது.

"கட்டக்கால் கழட்டுனா செவப்பு எவ்ளோ நேரம் இருக்கும். அப்படித்தான் அடிச்சேன்."

அதையே தலைப்பாக வைத்தேன். முதல் வரியிலேயே பதில், பிறகு காரணம். இணைப்பை அவளுக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் அவளே கூப்பிட்டாள்.

"படிச்சேன். புரியுது."

"சரிம்மா."

"ஆனா அதுல உங்க பேரு இல்ல. யாரு எழுதுனதுன்னே இல்லாம மொட்டையா இருக்கு."

வேண்டுமென்றேதான் விட்டிருந்தேன். என் பெயர் இருந்தால் யாரும் நம்ப மாட்டார்கள் என்று நினைத்தேன் என்றேன்.

"போடுங்க சார். போன் நம்பர் போடுங்க, கடை எங்க இருக்குன்னு சரியா போடுங்க. நாளைக்கு அதுல ஏதாவது தப்புன்னா யாரு சட்டையப் பிடிக்கிறதுன்னு படிக்கிறவங்களுக்குத் தெரியணும்ல."

வைத்துவிட்டாள்.

பக்கத்தின் மேலேயே போட்டேன். எழுதியவர்: பெனடிக்ட், செயற்கை உறுப்பு பொருத்துநர், புத்தூர், திருச்சி. கைபேசி எண்ணை மூன்று முறை சரிபார்த்தேன்.